இருபத்தோரு நாள்

கயிறு என்னுடையது. பைத்தியம் அவனுடையது.

லீபர் எச்செவெரி, என் தங்கையின் கணவன்,
தக்குவரெம்போ ஊரில் பல் வைத்தியன்.
வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடம்தான் கேட்பான்:
"உங்கள் பக்கத்துக் கொட்டகை எதிலாவது
பழைய கார் கிடக்கிறதா?"
பேச முடியாதவர்கள்
விரலால் திசை காட்டுவார்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஏழு.
ஒன்றும் ஓடாது.
பேக்கார்டுக்குச் சக்கரம் இல்லை,
ரியோவுக்கு முகம் மட்டும் உண்டு.
ஸ்டூட்பேக்கரின் கதவுக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவே
கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள் மிர்த்தா.
கொண்டுவந்து இறக்கிய மறுநாளே
அவன் அவற்றை மறந்துவிடுவான்.

நவம்பரில் ஒரு விரல் வடக்கே காட்டியது.
நூற்றிருபது கிலோமீட்டர்,
கடைசி முப்பது செம்மண் சேறு.
என் லாரி, என் டீசல்,
தொடைகளுக்கிடையே அவனுடைய மாத்தே குடுவை.
"ஹப்மொபைல். இருபத்தெட்டாம் வருடத்தது"
என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்,
நான் மறுத்துப் பேசியதுபோல.

நெலிதா பெந்தான்கூர் தாழ்ப்பாளை உதைத்துத் திறந்தாள்.
கம்பளி மூட்டைகள், ஆட்டுத்தோல் வாடை,
மூட்டைகளை நான் இழுக்க இழுக்க
கறுப்பாய் ஒரு மட்கார்டு,
பிறகு ரேடியேட்டர்.
முகப்பில் இரண்டு தகடு விழுந்திருந்தது.
விரல்விட்டுப் பார்த்தான்.
"கட்டிவிடலாம்" என்றான்,
சாய்வு நாற்காலிக்காரர்களிடம் சொல்லும் அதே குரலில்.

நெலிதா எச்சில் தொட்டுப் பணத்தை எண்ணினாள்.
இரண்டு முறை எண்ணினாள்.
"கார் உன்னுடையது. கோழி எழுந்த பிறகு."

எட்டிப் பார்த்தோம்.
பின் இருக்கையில்
குதிரைமயிர் பிதுங்கிய பள்ளத்தில்
சிவப்புக் கோழி ஒன்று
எங்களை ஒரு கண்ணால் பார்த்தது.

"எப்போது உட்கார்ந்தது?"
"நேற்று."

கூடையில் மாற்றி வைக்கலாமே என்றேன்.
"தூங்கும்போது உன்னைக் கட்டிலோடு தூக்கிப்போனால்
நீ பொரிப்பாயா?" என்றாள்.
எனக்குப் பதில் வரவில்லை.
கயிற்றை மறுபடி சுருட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவன் தனியாகப் போனான்.
புதன்கிழமை வைத்தியசாலையைப் பூட்டிவிட்டுப் போனான்.
மக்காச்சோளம் ஒரு பை,
தண்ணீருக்கு ஒரு தகரக் கிண்ணம்.
மூன்றாம் ஞாயிறு நானும் போனேன்,
என்னதான் செய்கிறான் என்று பார்க்க.

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.
கை ஸ்டீயரிங்கில்.
முன் கண்ணாடியில் தூசி, அதற்கப்பால் சுவர்.
பின்னால் கோழி
முட்டையை அலகால் புரட்டும் சிறு சத்தம்.
திடுக்கிட்டுவிடுமென்று
கதவைக்கூடச் சாத்தாமல் இருந்தான்.
"வா" என்றான் மெதுவாக.
பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.
ஒரு மணி நேரம்
நாங்கள் எங்கும் போகவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், நல்ல பயணம் அது.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள்.
ஒன்று கிளட்ச் மிதிக்கு அடியில் போய்விட்டது,
எடுக்கவே அரை மணி.
பத்தாவது முட்டையை நெலிதா காதில் வைத்து ஆட்டிப் பார்த்து
வேலிக்கு அப்பால் வீசினாள்.
பலகை போட்டு, கயிறு கட்டி,
காரை லாரியில் ஏற்றினோம்.
கோழி குஞ்சுகளோடு நடந்து போனது,
திரும்பியே பார்க்கவில்லை.
அவன்தான் பார்த்தான்.

மிர்த்தா வாசலுக்கு வந்து
"எட்டு" என்றாள்.
கொடியை அவிழ்த்து
அடுத்த மரத்தில் கட்டினாள்.

அது நடந்து நான்கு மாதம்.
ஹப்மொபைல் மழையில் நிற்கிறது.
லீபர் யாரிடமோ, எந்த வாயிடமோ,
திசை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்கோ கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது.
இரவில் குடைகிறது.
கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு
நாளைக் கடத்துகிறேன்.
ரிவேரா சாலையில், மரமில் ஒன்றின் பின்னால்,
தார்ப்பாய்க்கு அடியில்
நீண்ட மூக்குள்ள ஏதோ ஒன்றை
நான் பார்த்திருக்கிறேன்.
வாயைத் திறந்தால்
கேட்பான்.